துறையூர் பரோட்டாவில் எத்தனை கலோரி? மெனு கார்டு சொல்லாத கணக்கு!

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூர் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வழியில் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன மண்ணச்சநல்லூர், ஸ்வஸ்திக் வடிவக் கிணறு இருக்கும் திருவெள்ளறை. பச்சைமலையின் நிழல் தெரிய ஆரம்பித்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். பெருமாள்மலைக்கு வரும் பக்தர்கள், புளியஞ்சோலைக்குக் குளிக்கப் போகிறவர்கள், டாப் செங்காட்டுப்பட்டிக்குப் பஸ் மாறுகிறவர்கள் என எல்லோரும் இங்கே இறங்கித்தான் ஒரு வாய் சாப்பிடுகிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் சர்க்கரை நோயாளிகளும் இருப்பார்கள். நாடு முழுக்க 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் என்கிறது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஆனால், பேருந்து நிலையத்துக்கு எதிரே இலையில் விழும் சோற்றில் எவ்வளவு மாவுச்சத்து, எவ்வளவு கலோரி? அதைச் சொல்ல ஆள் இல்லை. எடை குறைக்கப் பார்க்கும் கல்லூரிப் பெண்ணுக்கு இது ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கோ, இது மயக்கம் வருமா வராதா என்கிற கேள்வி.

பிஸ்கட்டுக்கு உண்டு, இட்லிக்கு இல்லை!

துறையூர் பஸ் ஸ்டாண்டில் கலோரி எண்ணோடு கிடைக்கும் பொருள்கள் எவை என்று தேடிப் பார்த்தால் சிரிப்பு வரும். பெட்டிக்கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட், கிரீம் பிஸ்கட், குளிர்பானப் பாட்டில். இவற்றின் முதுகில்தான் எல்லாம் அச்சாகியிருக்கிறது. பக்கத்துக் கடையில் ஆவி பறக்கும் இட்லிக்கு எதுவும் கிடையாது. கணக்குப் பார்த்து சாப்பிட நினைப்பவரை இட்லியை விட்டு பிஸ்கட் பக்கம் தள்ளும் ஏற்பாடு இது!

சட்டமே இல்லையா? இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ 2020-ல் கொண்டுவந்த விதிகளின்படி, உணவகங்கள் மெனு கார்டில் ஒவ்வொரு பதார்த்தத்தின் கலோரியையும் அளவையும் போட வேண்டும். 2022 ஜூலை 1 முதல் இது அமலில் இருக்கிறது. ஆனால், மத்திய லைசென்ஸ் வாங்கிய உணவகங்களுக்கும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ளவர்களுக்கும்தான் இது கட்டாயம். ஒற்றைக் கடை மெஸ்ஸும், ராத்திரி பரோட்டா ஸ்டாலும் இந்த வலைக்குள் வராது. இங்கிலாந்திலும் 2022 ஏப்ரலில் வந்த சட்டம் 250 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களைத்தான் பிடிக்கிறது. சின்னக் கடைக்காரர் ஒவ்வொரு சட்னிக்கும் லேப் டெஸ்ட் எடுக்க முடியாது என்பது நியாயம்தான். அதனால் நஷ்டப்படுவது துறையூர் மாதிரி ஊர்கள்.

குன்னூரில் பிறந்த பட்டியல்

இத்தனைக்கும் இந்திய உணவின் சத்துகளை ஆராயும் வேலை தொடங்கியது நம் நீலகிரியில். 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் ஆரம்பித்த சிறிய ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அந்த நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன். அந்நிறுவனம் 2017-ல் வெளியிட்ட பட்டியலில் 528 உணவுப் பொருள்கள் உள்ளன. ஆனால், அவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். அரிசி இருக்கும், உளுந்து இருக்கும், கத்திரிக்காய் இருக்கும். சால்னா இருக்காது. செல்போன் ஆப்பில் 'பரோட்டா' என்று தேடினாலோ, ஒன்றோடொன்று ஒட்டாத எண்கள் வரிசையாக வந்து நிற்கும். எந்த ஊர் பரோட்டா, எத்தனை கிராம் என்று யாருக்குத் தெரியும்?

ஆனாலும், பட்டியலை வைத்துக்கொண்டு பின்பக்கமாக வரலாம். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. வெந்த சோறாக எடுத்தால் 100 கிராமுக்கு 130 வரும், மீதி எடை தண்ணீர். 200 கிராம் அரிசியின் சோறு இலையில் விழுந்தால், குழம்பு ஊற்றும் முன்பே 700. 'அன்லிமிடெட்' மீல்ஸில் இரண்டாம் தடவை, மோருக்கு என்று மூன்றாம் தடவை என வாங்கும்போது இந்த 700 சாதாரணமாகத் தாண்டிவிடும். சராசரி பெரியவருக்கு ஒரு நாளைக்கே 2,000 என்றுதான் மெனு கார்டு விதியும் சொல்கிறது.

சோற்றையாவது கண்ணால் அளக்கலாம். ஏமாற்றுவது எண்ணெய். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் கொழுப்பில் 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, அதாவது இரண்டு சின்ன இட்லி. பொடிக்குழியில் தாராளமாக ஊற்றும் நல்லெண்ணெயை யாரும் 'இன்னும் ரெண்டு இட்லி' என்று நினைப்பதில்லை. நான்கு இட்லி சாப்பிட்டவரும், 'லைட்டா இருக்கட்டும்' என்று இரண்டு உளுந்து வடையோடு எழுந்தவரும் கணக்கில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்பார்கள்.

புரட்டாசி சனிக்கிழமைகளில் பெருமாள்மலைக்குக் கூட்டம் அலைமோதும்போது கறிக்கடைகள் காற்று வாங்கும். சைவம் என்பதால் கலோரி குறைந்துவிடாது. சர்க்கரைப் பொங்கலின் நெய்க்கும் வெல்லத்துக்கும் அதே கணக்குதான். 'மலை ஏறினோமே, கரைந்திருக்கும்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 65 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏற, கூடுதலாகச் செலவாவது 60, 70 கலோரிதான். ஒரு இட்லி!

மாஸ்டரைக் கேளுங்கள்

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், வெளியில் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று பயந்து பட்டினி கிடப்பதும் ஆபத்து. சர்க்கரை திடீரென இறங்கிவிடும். எப்போதும் போகும் ஒரே கடை, எப்போதும் வாங்கும் அதே அளவு என்று வைத்துக்கொண்டு, டாக்டரிடம் அந்த அளவைச் சொல்வது ஓரளவு உதவும்.

அளவை யாரிடம் கேட்பது? லேப் வேண்டாம், கல்லுக்கு முன்னால் நிற்கும் மாஸ்டரே போதும். 'கலோரி எவ்வளவு அண்ணே?' என்றால் சிரிப்பார். 'ஒரு கிலோ மைதாவுக்கு எத்தனை பரோட்டா போடுவீங்க?' என்றால் யோசிக்காமல் பதில் வரும். அதை வைத்துத்தான் அவர் முதலாளிக்கே கணக்குக் கொடுக்கிறார். 14 என்று சொன்னால், ஒரு கிலோ மைதாவின் 3,500 கலோரியை வகுத்து, ஒன்றுக்கு 250. அந்தக் கிலோவுக்கு 150 மில்லி எண்ணெய் பிடிக்கும் என்றால், தலைக்கு இன்னொரு 90. ஆக 340. இரண்டு பரோட்டாவோடு ஒரு முட்டை, ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்துக் கொத்தினால் 870-ஐத் தாண்டும். சால்னா தனி.