வெயில் மேல் போட்ட பழி

ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் வில்லாக்கள் வரிசையாக நிற்கும் தெருக்களில் மதில்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பெயிண்ட் உரிந்திருப்பது பெரும்பாலும் முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பு உயரம் வரைதான். அதற்கு மேலே நிறம் வெளுத்திருக்கும், புழுதி அப்பியிருக்கும், ஆனாலும் பூச்சு சுவரை விட்டிருக்காது. வீட்டுக்காரரைக் கேட்டால் வெயிலைச் சொல்வார். பெயிண்ட் கடைக்காரரும் வெயிலைத்தான் சொல்வார். கோடையில் ஐம்பது டிகிரியைத் தொட்டுவிட்டுத் திரும்பும் ஊரில் அந்தப் பதிலை யாரும் சந்தேகிப்பதில்லை. வெயில்தான் காரணம் என்றால் நாளெல்லாம் காய்கிற மதிலின் தலைப்பகுதி முதலில் உரிந்திருக்க வேண்டும். தெற்கும் மேற்கும் கெட்டு, வடக்கு முகம் தப்பியிருக்க வேண்டும். நான் பார்த்த தெருக்களில் வடக்கு முகத்தின் அடியும் அதே அளவுக்குப் பொரிந்திருந்தது. செடிப்பாத்தி ஒட்டிய இடங்கள் இன்னும் மோசம். பாலைவனத்துச் சுவரைக் கெடுப்பதில் கீழிருந்து ஏறும் தண்ணீருக்கே முதல் பங்கு. அதைத் தடுக்கிறோம் என்று நாம் பூசும் தடித்த பூச்சு பல இடங்களில் கேட்டை வளர்க்கவே செய்கிறது என்பது என் வாதம்.

உரிந்த செதிலை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது அனுபவப்பட்ட பெயிண்டர்களின் வழக்கம். பின்பக்கம் வழவழவென்று இருந்தால் பெயிண்ட் சுவரைப் பிடிக்கவே இல்லை. புழுதியின் மேல் அடித்திருப்பார்கள், அல்லது பிரைமரை மிச்சம் பிடித்திருப்பார்கள். சிமெண்டும் மணலும் வெள்ளைத் தூளும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்தால் கதை வேறு. அங்கே பெயிண்ட் ஒழுங்காகத்தான் பிடித்திருக்கிறது. அதைத் தாங்கிய சிமெண்ட் பூச்சு உள்ளுக்குள் நொறுங்கி அதையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. மதிலடியில் கிடக்கும் செதில்களில் அநேகம் இந்த இரண்டாம் வகை. நொறுக்குவது உப்பு. வளைகுடாக் கரையோரத்தில் சப்கா எனப்படும் உப்புச் சமவெளிகள் நீண்டு கிடக்கின்றன. அங்கே நிலத்தடி நீர் மேலாகவே கிடைக்கும், பல இடங்களில் அது கடல்நீரைவிடக் கரிக்கும். குளோரைடும் சல்பேட்டும் கரைந்த அந்த ஈரம் கான்கிரீட் பிளாக்கின் நுண்துளைகளில் ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். வெளிமுகத்திலேயே படிந்தால் அது வெறும் பூப்பு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடலாம். பெயிண்டுக்குப் பின்னால், சில மில்லிமீட்டர் உள்ளே படிவதுதான் ஆபத்து. அதிலும் சோடியம் சல்பேட் பொல்லாதது. 32.4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஈரம் கிடைத்தால் ஒரு மூலக்கூறு பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு கன அளவில் ஏறக்குறைய நான்கு மடங்காக உப்பிவிடும். வருடத்தில் பல மாதங்கள், பகலில் ஏறியும் இரவில் இறங்கியும், இந்தச் சுவர்கள் அந்த எல்லையைக் கடந்தபடியே இருக்கின்றன.

பாலைவனத்தில் அவ்வளவு ஈரம் ஏது என்று கேட்கலாம். மழையை மட்டும் கணக்குப் பார்த்தால் கேள்வி நியாயம்தான். ஆனால் இது கடலோரப் பாலை. 2003 ஜூலை 8 அன்று சவூதியின் தஹ்ரானில் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 35 டிகிரி பதிவானது. உலகில் பதிவான மிக உயர்ந்த பனிநிலைகளில் அது ஒன்று. குளிர்காலத்து விடியலில் மதிலைத் தொட்டால் கை நனையும். மழையும் வராமல் போய்விடுவதில்லை: 2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தின் அல் ஐன் பகுதியில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தலையில் மூடுகல் இல்லாத மதில்களில் அந்தத் தண்ணீர் பிளாக்கின் பொள்ளலுக்குள் இறங்கினால் வெளியே வர வழி தேடிக்கொண்டிருக்கும். இவை எல்லாவற்றையும்விட நிச்சயமான ஊற்று, மனிதர் கையால் தினமும் திறக்கப்படும் தோட்டக் குழாய். கட்டும்போது மண்ணுக்குள் போகும் பிளாக்குகளுக்குத் தார்ப்பூச்சு அடிக்கிறார்கள், நல்ல வழக்கம். வீடு முடிந்து தோட்டக்காரர் வருவார், பாத்திக்கு நல்ல மண்ணைக் கொட்டி மேடாக்குவார், தார் முடிந்த கோடு மண்ணுக்குள் புதைந்துபோகும். அதன்பின் சொட்டுநீர் நேரே தார் இல்லாத பிளாக்கில் போய்ச் சேரும். தார் அடித்தவர் வேலையும் சரி, மண் கொட்டியவர் வேலையும் சரி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

அடி உரிந்ததும் வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் ஆலோசனை, இன்னும் தடிமனாக அடியுங்கள் என்பது. சாதாரண எமல்ஷன் ஒரு கோட்டுக்குக் காய்ந்தபின் முப்பது, நாற்பது மைக்ரான் நிற்கும். ரப்பர் போல இழுபடும் எலாஸ்டோமெரிக் பூச்சுகள் பல நூறு மைக்ரான் வரை போகும். இவற்றை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். பகல் சூட்டில் விரிந்து இரவில் சுருங்கும் சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழத்தான் செய்யும். அவற்றின் மேல் பாலமாக நின்று மழையைத் தடுக்க, கைப்பிடிச் சுவருக்கும் மதிலின் மேல்பாதிக்கும் இந்தப் பூச்சு உதவும். வெயிலின் பங்கையும் மறுக்கவில்லை. புற ஊதாக்கதிர் பெயிண்டின் பிசினைச் சிதைக்கிறது. தெற்குச் சுவரில் உள்ளங்கையைத் தேய்த்தால் மாவு போல ஒட்டுவது அதனால்தான். ஆனால் அது மேற்பரப்பிலிருந்து மெல்லத் தேயும் தேய்மானம், கழுவிக் காயவிட்டு ஒரு கோட் அடித்தால் தீர்ந்தது. கீழே நடப்பது அப்படிப்பட்டதில்லை. ஆவி வெளியேற முடியாத தோலை அங்கே போர்த்தினால் ஈரம் நின்றுவிடுமா? ஆவியாக இடம் கிடைக்கும் உயரம் வரை ஏறும். முதல் பெயிண்டில் முழங்காலில் நின்ற கோடு, அடுத்த பெயிண்டில் தொடைக்கு வந்திருப்பதன் காரணம் இதுதான். அடியில் கிரானைட் பட்டை பதித்த வீடுகளில் பட்டைக்குச் சற்று மேலே பெயிண்ட் பொரிந்திருப்பதற்கும் இதுவே காரணம். சிலாக்ஸேன் போன்ற நீர்விலக்கிகள் ஆவியை விடும் என்பது உண்மை. உப்பு ஏறும் சுவரில் அவையும் மருந்தாகா. மருந்து ஊறிய அடுக்குக்குப் பின்னால் உப்பு திரண்டு அந்த அடுக்கையே பெயர்த்துத் தள்ளும்.

இத்தனைக்கும் நடுவே பழியைச் சுமப்பவர் கடைசியாக வந்தவர். பெயிண்டிங் குழுக்களில் ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர்கள் உண்டு; மலையாளிகள், வங்கதேசத்தார், பாகிஸ்தானியர் உண்டு; எல்லாருக்கும் பொதுவாக ஓர் உடைந்த இந்தி. சிமெண்ட் பூச்சைத் தண்ணீர் தெளித்துக் குறைந்தது ஒரு வாரமாவது பதப்படுத்த வேண்டும்; பிறகு காயவிட வேண்டும். பெயிண்டுக்கு முன் சுமார் 28 நாள் என்பது பொதுக் கணக்கு. புதுச் சிமெண்டின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல், அதில் எண்ணெய் சார்ந்த பெயிண்ட் சோப்பாகிப் போகும். ஆனால் அஸ்திவாரத்தில் தவறிய நாட்கள், மின்சாரக்காரரால் தவறிய நாட்கள் எல்லாம் பெயிண்டரின் 28 நாளிலிருந்துதான் கழிக்கப்படுகின்றன. சுரண்டியின் பிடியால் தட்டிப் பார்த்து எங்கே பூச்சு பொள்ளலாக இருக்கிறது, எங்கே ஈரம் நிற்கிறது என்று சொல்லிவிடக்கூடியவர் அவர். பொறுங்கள் என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை. ஆறு மாதம் கழித்து அடி பொரிந்தால் அதே ஆள் உப்புத்தாளோடு திரும்ப வந்து, அதே ஈரத்தின் மேல் அடித்துவிட்டுப் போகிறார்.

ஒப்பந்தக்காரர்களின் இன்னொரு முறையீடு, மதிய வேலைத் தடையால் கோடையில் நேரம் போகிறது என்பது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2005 முதல் இந்தத் தடை இருக்கிறது; ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. அது மனித உயிருக்காக வந்த விதி, அதற்கு வேறு நியாயம் தேடத் தேவையில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அடித்த பெயிண்டும் உருப்படாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். காயும் சுவரில் எமல்ஷனின் தண்ணீர் ரோலர் திரும்புவதற்குள் பறந்துவிடும். பிசின் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர நேரமில்லாமல் படலம் தூளாக நிற்கும், இணைப்புக் கோடுகள் பல்லைக் காட்டும். கைதேர்ந்தவர்கள் காலையில் மேற்கு முகம், மாலையில் கிழக்கு முகம் என்று நிழலைத் துரத்திக்கொண்டே அடிப்பார்கள். விடியற்காலையிலும் ஒரு சிக்கல் உண்டு: சுவரின் சூடு பனிநிலையைவிட 3 டிகிரியாவது அதிகம் இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் விதி. அதைப் பார்த்தால் கடலோரத்தில் பெயிண்டுக்கு ஏற்ற நேரம் சில மணிகள்தான். வீண் போகும் நேரம் மதியத்தில் இல்லை, இரண்டாம் முறை அடிப்பதில் இருக்கிறது.

துபாயின் அல் ஃபஹீதியில் பவழக்கல் சுவர்களையும் ஜிப்சம் சாந்தையும் காட்டி, முன்னோர் மூச்சுவிடும் சுவர் கட்டினார்கள் என்று புகழ்வது இப்போது வாடிக்கை. அந்தப் புகழ்ச்சி எனக்குச் சற்று அதிகமாகவே படுகிறது. கடலிலிருந்து எடுத்த கல்லிலேயே உப்பு இருந்தது, சாந்து உதிர்ந்தது, மறுபடி பூசினார்கள். பாடம் அந்த உதிர்வில் இருக்கிறது: உப்பைத் தாங்கி விழ ஓர் அடுக்கை விட்டு, விழுந்ததும் புதுப்பிப்பது. ஜெர்மனியில் கைம் என்பவர் 1878-இல் காப்புரிமை பெற்ற சிலிகேட் பெயிண்ட் சிமெண்டோடு இரசாயனமாகப் பிணைந்து, ஆவியையும் வெளியே விடும். விலை அதிகம் என்ற ஆட்சேபம் சரிதான். மதில் முழுக்க அடிக்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கீழ் அறுபது சென்டிமீட்டருக்கு மட்டும் என்றால் கணக்கு மாறும்.

ஒரு மாதம் காத்திருந்தால் வாடகை போகும் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மேல் சுவரை முதலில் முடித்து வீட்டை ஒப்படைத்துவிடலாம். கீழ்ப் பட்டையை வெறும் சிமெண்டாக விட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் பாயத் தொடங்கியபின் 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். உள்ளே வியர்த்தால் பெயிண்ட் வேண்டாம். பாத்தியைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, இடையில் ஜல்லி போட்டு, பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். இந்தச் சோதனைக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரியும், பெயிண்டிங் ஃபோர்மேன் கையெழுத்துக்கு ஓர் இடமும் போதும். அரைகுறையாகத் தெரியும் என்பார்கள். பல வில்லாக்களில் மதிலின் அடிக்கு ஏற்கெனவே வேறு நிறப் பட்டைதான். அதை வேறு பூச்சாகவும் ஆக்குவதில் கண்ணுக்கு உறுத்தலில்லை. அந்தப் பட்டைக்குச் சாரம் கட்ட வேண்டியதில்லை, மேல் பெயிண்டைத் தொட வேண்டியதில்லை. உப்பு ஏறிவிட்டால் ஒரு பெயிண்டரும் ஒரு ஹெல்பரும் அதை மட்டும் சுரண்டித் திரும்ப அடித்துவிடலாம்.