சத்தம் குறைந்த சிப்பாங்

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த என் வயதுக்காரர்களிடம் சிப்பாங் என்று சொல்லிப் பாருங்கள். விமான நிலையத்துக்கு முன்னால் கார் பந்தயம்தான் ஞாபகத்துக்கு வரும்.

1999 அக்டோபர் 17-ஆம் தேதி அங்கு முதல் ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. ஃபெராரி அணியின் எடி இர்வின் வெற்றி பெற்றார். 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள், ஏறத்தாழ 130,000 பேருக்கு இடம். அதுவரை எங்களுக்குக் கூட்டம் என்றால் கோயில் திருவிழாவும் தோட்டத் திடலில் நடக்கும் பந்தாட்டமும்தான்.

எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு வேன் கிளம்பும். பன்னிரண்டு பேர் ஏறும் வண்டியில் பதினாறு பேர். மலிவான டிக்கெட் என்பதால் புல்மேட்டில் பாய் விரித்து உட்காருவோம். புளிச்சோறு, அவித்த முட்டை, போத்தலில் சிராப் தண்ணீர். பக்கத்துப் பாயில் இருக்கும் மலாய்க் குடும்பம் நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டும். நாங்கள் முறுக்கைக் கொடுப்போம்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். கப்சாய் மோட்டார் சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டியதில்லை. அவருக்கு யார் முந்துகிறார் என்பது முக்கியமில்லை, சத்தம்தான் முக்கியம். அந்த வி10 எஞ்சின்கள் கடந்து போகும்போது நெஞ்சுக்கூடு அதிரும். தொலைக்காட்சியில் அது கிடைக்காது. 2005-இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் வந்து 11-ஆவது இடத்தில் முடித்தார். புள்ளி கிடைக்காத இடம்தான். அப்பாவோ, "நம்ம ஊரு பையன்டா!" என்று எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. 2008-இல் சிங்கப்பூரில் இரவுப் பந்தயம் தொடங்கியது. வெளியூர் ரசிகர்கள் பலர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். 2009-இல் ஐரோப்பியத் தொலைக்காட்சி நேரத்துக்கு ஏற்ப, சிப்பாங் பந்தயம் மாலை 5 மணிக்குத் தொடங்கியது. அந்த நேரத்து மழை நமக்குத் தெரியாதா? 56 சுற்றுப் பந்தயம் பாதியைத் தாண்டியதும் மழையிலும் இருட்டிலும் நிறுத்தப்பட்டது. ஓட்டுநர்களுக்குப் பாதிப் புள்ளிகள். 2014-இல் வி6 எஞ்சின்கள் வந்து சத்தமும் குறைந்தது. டிக்கெட் விற்பனை சரிந்தது, நடத்தும் செலவு ஏறியது. 2017 அக்டோபர் 1-ஆம் தேதி மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் வென்ற பந்தயத்தோடு மலேசியாவில் ஃபார்முலா 1 முடிந்தது. 19 ஆண்டுகள்.

மக்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2019-இல் நெட்ஃபிலிக்ஸில் ஃபார்முலா 1 தொடர் வந்தது. என் மகனுக்கு இன்று ஓட்டுநர்கள் அத்தனை பேரின் பெயரும் அணியும் சம்பளச் சண்டையும் அத்துபடி. ஆனால் ஒரு பந்தயக் காரின் சத்தத்தைக் கூட அவன் நேரில் கேட்டதில்லை. ஆர்வம் கூடியிருக்கிறது, புல்மேட்டில் பாய்தான் இல்லை.

அந்தப் பாய் எங்கே போனது என்று யோசித்துப் பார்க்கிறேன். வேனில் வந்த பதினாறு பேரும் ஒரே லயத்து வரிசைக்காரர்கள். கித்தாக் காடு செம்பனையானது. குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தன. ஒருவர் மலாக்கா, ஒருவர் ஜொகூர், இருவர் சிங்கப்பூர். பந்தயம் பார்க்கத் தனியாக யாரும் போனதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார், அதனால் போனோம். கூப்பிடும் தூரத்தில் ஆள் இல்லாதபோது கைப்பேசி பக்கத்து வீடாகிவிட்டது.

இதே சிப்பாங்கில் மோட்டோ ஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குக் கூட்டம் வருவதையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கப்சாய் வண்டிகளுக்கென்றே 1994 முதல் கப் பிரீ பந்தயம் நடக்கிறது. நெகிரி, மலாக்கா, ஜொகூர் இளைஞர்கள் பத்து இருபது வண்டிகளாகச் சேர்ந்து நெடுஞ்சாலையில் போவதை நானே பார்த்திருக்கிறேன். தாங்கள் ஓட்டும் வண்டியின் அண்ணனைப் பார்க்கப் போகிறார்கள். அதையும் கூட்டமாகப் போகிறார்கள்.

எங்கள் தாமானின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஒரு செய்தி போட்டேன்: ஆண்டுக் கடைசியில் வரும் மோட்டோ ஜிபிக்கு ஒரு வேன் பேசலாமா? மகன் முதலில் முனகினான், பிறகு தன் நண்பன் பெயரையும் சேர்த்தான். எதிர்வீட்டு லிம், அவர் தம்பி, பழைய தோட்டத்து முனியாண்டி மாமா. என்னோடு சேர்த்து ஆறு பேர். இன்னும் ஆறு இடம் காலியாக இருக்கிறது. புளிச்சோறு என் வீட்டில்தான்.