குணமா, பிணியா?

ஒன்றுக்குப் பெயர் வைப்பது எளிது. அதன் காரணத்தைக் காண்பது அரிது. ஓயாது அழும் குழந்தைக்கு 'அடம்' என்றும், இரவில் உறக்கமின்றி உழலும் முதியவருக்குத் 'தொணதொணப்பு' என்றும் பெயர் சூட்டிவிட்டு நாம் நிம்மதி அடைகிறோம். பெயர் வைத்தவுடன் காரணம் தேடும் கடமை தீர்ந்துவிட்டதாக ஓர் எண்ணம். பேசத் தெரிந்த மனிதருக்கே இக்கதியென்றால் வாய்பேசா உயிர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? புத்தளக் கரையோரத்தில் ஒரு பெட்டைக் குதிரை அத்தகைய பெயரொன்றைச் சுமந்ததையும், அப்பெயர் நீங்கிய வகையையும் இங்கே எழுத எண்ணுகிறோம்.

பெட்டை என்ற சொல்லைக் கண்டு வாசகர் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. ஒட்டகம், குதிரை, கழுதை ஆகியவற்றின் பெண்ணை அப்பெயரால் வழங்கலாமெனத் தொல்காப்பியத்தின் மரபியலே விதி கூறியிருக்கிறது. குதிரையும் கழுதையும் எமது கரைக்குப் புதியனவுமல்ல. கற்பிட்டிக் குடாநாட்டில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளைக் காணாதார் இல்லை. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா இலங்கையில் வந்திறங்கிய 'பத்தாலா' என்னும் துறை எமது புத்தளமே என்பது அறிஞர் கொள்கை. ஆரியச்சக்கரவர்த்தியை அவர் சந்தித்ததும் அங்கேதான். கடல்வழி வணிகம் செழித்திருந்த காலம் அது.

அக்கடலின் மறுகரையிலிருந்த பாண்டிநாட்டைப் பற்றி, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னே வந்த மார்க்கோ போலோ எழுதியிருப்பது சிந்திக்கத்தக்கது. அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பாண்டிய மன்னர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார்களாம். ஆண்டு முடிவதற்குள் அவற்றுட் பெரும்பாலானவை மடிந்தனவாம். குதிரையைப் பேணவும் அதன் நோயறிந்து வைத்தியஞ் செய்யவும் வல்லார் அங்கே இல்லை என்பதே அவர் கூறும் காரணம். குதிரை வணிகர் வைத்தியர் எவரையும் உடன் அழைத்து வருவதில்லை, போகவும் விடுவதில்லை என்றும் அவர் எழுதுகிறார். குதிரைகள் மடிந்தால்தானே மறு ஆண்டும் வியாபாரம் நடக்கும்! நோயறியும் அறிவு இல்லாத இடத்தில் உயிரும் போகும், பொருளும் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எமது கல்லூரியில் உயிரியல் பயின்ற பழைய மாணவர் ஒருவர் கற்பிட்டிப் பக்கத்தில் இரண்டு குதிரைகளை வைத்திருக்கிறார். உல்லாசப் பயணிகளையும் அவர்தம் பிள்ளைகளையும் கடற்கரையில் ஏற்றிச் சென்று அதனாற் கிடைக்கும் வருமானத்தில் குடும்பம் நடத்துபவர். ஒன்று காயடித்த ஆண்குதிரை; மற்றது ஒன்பது வயதுப் பெட்டை. கடன்பட்டு வாங்கிய அந்தப் பெட்டை சில மாதங்களாக வேறு விதமாக நடந்துகொண்டது. வாலை உயர்த்தியபடி பின்னங்காலை அகற்றி நிற்கும். சிறிது சிறிதாகப் பலமுறை சிறுநீர் விடும். சேணவாரை இறுக்கினால் காதைப் பின்னே மடித்து உதைக்க வரும். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: "இது எந்நாளும் பருவத்தில் நிற்கிற குதிரை. அடங்காது." ஆண்குதிரையோடு சேர்த்துவிடும்படி ஒருவர் சொன்னார், சூலகத்தை அறுத்தெடுக்கும்படி மற்றொருவர் சொன்னார், வந்த விலைக்குத் தள்ளிவிடும்படி மூன்றாமவர் சொன்னார்.

"விற்றால் அரை விலைதான் கிடைக்கும், சேர். வைத்திருந்தால் ஒருநாள் யாருடைய பிள்ளையையாவது கீழே தள்ளிவிடும். நான் என்ன செய்ய?" என்று அவர் எம்மிடம் வந்து கேட்டார்.

நாம் மிருக வைத்தியரல்லோம். ஆதலால் மருந்து எதுவும் கூறவில்லை. ஒரு கொப்பியைக் கொடுத்தோம். வைத்தியரை அழைக்கும்படியும், அவர் வரும் நாள்வரை காலையும் மாலையும் கண்டவற்றைக் கண்டபடியே எழுதிவைக்கும்படியும் கூறினோம். ஆண்குதிரை அருகில் வரும்போது பெட்டை என்ன செய்கிறது, எத்தனை தடவை சிறுநீர் விடுகிறது, அதன் நிறம் யாது, அன்று வேலை செய்ததா, ஓய்ந்திருந்ததா என்பனவெல்லாம் திகதியோடு எழுதப்பட வேண்டும் என்றோம். காரணம் இதுதான்: 'எந்நாளும்' என்ற சொல் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் நிலைப்பதில்லை.

பெட்டைக் குதிரையின் இயல்பைச் சற்று அறிந்துகொண்டால் இது விளங்கும். அதன் சூலகச் சக்கரம் ஏறத்தாழ 21 அல்லது 22 நாள்கள் கொண்டது. அதில் 5 முதல் 7 நாள்கள் வரை அது பருவத்தில் இருக்கும். சூலகத்திற் குமிழ்போல வளரும் புடைப்பு ஈஸ்திரசன் என்னும் ஓமோனைச் சுரக்கும் காலம் அது. புடைப்பு வெடித்துச் சூல் வெளிப்பட்டதும், அவ்விடத்தில் மஞ்சட் சடலம் என்னும் உறுப்புத் தோன்றி இரண்டு கிழமையளவில் புரொஜெஸ்தரோனைச் சுரக்கும். அந்த ஓமோன் உள்ளவரை பெட்டை ஆண்குதிரையை அண்டவிடாது. கனைத்து உதைத்துத் துரத்தும். பின் மஞ்சட் சடலம் அழிய, சக்கரம் மீண்டும் தொடங்கும்.

எமது கிராமத்தார் குதிரையை அறிந்ததைவிட மாட்டை நன்கு அறிந்தவர்கள். பசுவுக்கும் சக்கரம் 21 நாள்கள்தாம். ஆனால் அதன் பருவம் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். அக்கணக்கை வைத்துக்கொண்டு குதிரையைப் பார்ப்பவருக்கு ஒரு கிழமை நீளும் பருவம் முடிவில்லாததாகவே தோன்றும். அன்றியும், பசுவின் சூலகத்தில் நீர்க்குமிழ்கள் தங்கி, அதனால் அது ஓயாது பருவத்தில் நிற்கும் நோய் ஒன்றுண்டு. பால்மாடு வளர்ப்போர் பலர் அதைக் கண்டிருப்பர். அந்நோய் அதே வடிவிற் குதிரைக்கு வருவதில்லை. மாட்டு நூலைப் படித்துக் குதிரைக்கு மருந்து கொடுப்பது, பக்கத்து வீட்டாரின் கண்ணாடியை நாம் அணிவதை ஒக்கும்.

மேனாட்டு நூல்களையும் அப்படியே பின்பற்ற முடியாது. இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் பகற்பொழுது குறுகும் மாரிகாலத்திலே பெரும்பாலான பெட்டைகளின் சூலகங்கள் ஓய்ந்திருக்கும். இளவேனிலில் வெளிச்சம் கூடக்கூட அவை விழித்தெழும். அந்த இடைக்காலத்தில் சூல் வெளிப்படாமலே பருவக்குறிகள் கிழமைக்கணக்காய் நீடிப்பதுண்டு. இது நோயன்று, பருவமாற்றத்தின் விளைவு. புத்தளமோ ஏறத்தாழ வட அகலக்கோடு 8 பாகையில் உள்ளது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆதலின் இங்கே ஒரு பெட்டை மாதக்கணக்காய்ப் பருவத்தில் நிற்பதாகத் தோன்றினால் வெளிச்சத்தின்மேற் பழிபோடுவதற்கு இடமில்லை. வேறு காரணம் தேட வேண்டும்.

அக்காரணங்களுள் வைத்தியர்கள் முதலில் அஞ்சுவது சூலகக் கட்டியை. புடைப்பைச் சூழ்ந்திருக்கும் மணியுருக் கலங்களில் அது தோன்றுகிறது. பெரும்பாலும் ஒரு சூலகத்திலேயே வரும். அது பருத்துப்போக, மற்றது சுருங்கிச் செயலற்றுக் கிடக்கும். இக்கட்டியுள்ள பெட்டைகளுட் சில ஓயாது பருவத்தில் நிற்கும். சில பருவத்துக்கே வாரா. சில ஆண்குதிரைபோலச் சீறி மற்றப் பெட்டைகளைத் துரத்தும். பெருங்குடலின் வழியே கையைச் செலுத்திச் சூலகத்தைத் தொட்டறிவது பழைய முறை. ஸ்கான் கருவியால் அதன் உட்புறத்தைப் படமாகக் காண்பது புதிய முறை. இரத்தத்தில் இன்ஹிபின், தெஸ்தோஸ்தரோன், முல்லேரிய எதிர் ஓமோன் என்பவற்றின் அளவைப் பார்ப்பதும் உண்டு. மூன்றில் இறுதியானதே இக்கட்டியை மிக நம்பகமாகக் காட்டிக்கொடுப்பது. கட்டி பெரும்பாலும் பரவும் தன்மையற்றது. பழுதுபட்ட சூலகத்தை மட்டும் நீக்கினால், சில மாதங்களின் பின் மற்றது விழித்தெழுந்து தன் தொழிலைத் தொடங்கிவிடும்.

கட்டியில்லாத சூலகத்தை 'அடக்குவதற்காக' அறுத்தெடுப்பது வேறு விடயம். பெட்டைக் குதிரையைப் பருவக்குறியின்றி அமைதியாக வைத்திருப்பது புரொஜெஸ்தரோன் என்று கண்டோம். சூலகம் இரண்டையும் நீக்கினால் அந்த அமைதி தரும் ஓமோனும் போய்விடுகிறது. அதனாலே, சூலகமே இல்லாத பெட்டைகளுட் சில காலக்கணக்கின்றிப் பருவக்குறிகளைக் காட்டிக்கொண்டிருக்கும். அறுவைக்கு முன் வேறொரு வழியுமுண்டு. புரொஜெஸ்தரோனைப் போன்ற அல்ட்ரினோஜெஸ்ட் என்னும் மருந்தைச் சில நாள்கள் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கும் நடத்தை மாறவில்லையென்றால் குற்றம் சூலகத்தில் இல்லையென்று ஐயுறலாம். இம்மருந்து தோலினூடாகவும் உடலிற் சேரும். ஆதலால் பெண்கள், குறிப்பாகக் கருவுற்றவர்கள், அதை வெறுங்கையால் தொடலாகாது. வீட்டில் விலங்கு வளர்ப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

எமது மாணவரின் கதைக்கு வருவோம். ஏழு கிழமைகள் அவர் எழுதிவந்தார். கொப்பியைப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. ஆண்குதிரையைப் பெட்டை தானே நாடிச் சென்ற நாள்கள் ஆறாறு நாள்களாகச் சேர்ந்து, மூன்று கிழமைக்கு ஒருமுறை ஒழுங்காக வந்திருந்தன. மற்ற நாள்களில் அது ஆண்குதிரையைத் துரத்தியது. ஆனால் வாலை உயர்த்துவதும் சிறுநீர் சிந்துவதும் எல்லா நாளும் இருந்தன. இன்னொரு குறிப்பையும் அவர் எழுதியிருந்தார். கடற்கரையில் நெடுநேரம் ஓடிய நாள்களின் மாலையிற் சிறுநீர் சிவந்திருந்தது.

வைத்தியர் வந்தார். அவர் முதலில் வாங்கிப் படித்தது அந்தக் கொப்பியைத்தான். பின் ஸ்கான் செய்தார். சூலகங்கள் இரண்டும் அளவோடு இருந்தன. ஒன்றில் மஞ்சட் சடலம் தெளிவாகத் தெரிந்தது. இரத்தத்தில் புரொஜெஸ்தரோனும் அதற்குரிய அளவில் இருந்தது. ஓயாது பருவத்தில் நிற்கும் பெட்டைக்கு அந்நாளில் அது இருக்க வேண்டிய காரணமே இல்லை. அடுத்து அவர் சிறுநீர்ப்பையைப் பார்த்தார். உள்ளே கல்லொன்று இருந்தது.

குதிரையின் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து இயல்பாகவே மிகுதி. அது திரண்டு கல்லாவது ஆண்குதிரைகளிலேயே அதிகம்; பெட்டைகளில் அரிது. ஓடும்போது கல் உரசுவதால் குருதி கசியும். எரிவினால் அடிக்கடி சிறுநீர் விட முயலும். அந்த வேதனை நிலையைத்தான் ஊரார் வேட்கையென்று கொண்டார்கள். பெட்டையின் சிறுநீர்வழி குறுகிய நீளமும் அகலமும் உடையதாதலின், மயக்கமருந்து கொடுத்து, வயிற்றைக் கீறாமலே வைத்தியர் கல்லை வெளியே எடுத்தார். சில கிழமைகளில் சேணவாரை இறுக்கும்போது காது மடியாமல் நின்றது அக்குதிரை. இன்று பிள்ளைகளைச் சுமந்து செல்கிறது. மூன்று கிழமைக்கொருமுறை பருவத்துக்கும் வருகிறது. அது அதன் இயல்பு.

இதனை வகுப்பிற் கூறியபோது மாணவர் சிலர் முதலிற் சிரித்தார்கள், பின்னர் மாணவி ஒருத்தி எழுந்து, "மனிதருக்கும் இப்படித்தானே சொல்கிறார்கள், சேர்?" என்றாள். வகுப்பு அடங்கிப்போயிற்று. அவள் கேட்டது உண்மை. ஹிஸ்டீரியா என்ற நோய்ப்பெயர் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பெண்ணின் அழுகை, கோபம், மயக்கம், வலி எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்து மேனாட்டு வைத்தியம் நூற்றாண்டுகளைக் கழித்தது. அமெரிக்க உளமருத்துவர் தமது நோய்ப் பட்டியலிலிருந்து அப்பெயரை நீக்கியது 1980இலேதான். எமது வீடுகளிலோ பட்டியலுமில்லை, நீக்கமுமில்லை. மாதந்தோறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும் மகளிடம், "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான்" என்கிறோம். எரிந்து விழும் தாயைப் பற்றி, "அந்த வயது அப்படித்தான்" என்கிறோம். சில வேளை அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பார்த்தறிந்து சொல்வதற்கும் பாராமலே சொல்வதற்கும் வேறுபாடு உண்டன்றோ?

ஓமோன் என்ற சொல்லும் இக்காலத்தில் அத்தகையதொரு போர்வையாகிவிட்டது. படித்தவர் என்ற பெருமையோடு நாம் அதைப் போர்த்திவிடுகிறோம். பழைய தலைமுறை 'குணம்' என்றது. புதிய தலைமுறை 'ஓமோன்' என்கிறது. அளந்து பாராமற் சொன்னால் இரண்டும் ஒன்றே. விஞ்ஞானச் சொல்லைச் சொல்வது விஞ்ஞானமாகாது; பொறுமையோடு நோக்கி, எண்ணி, எழுதி, ஒப்பிட்டு, ஒவ்வொரு காரணமாக நீக்கிக்கொண்டு போவதே விஞ்ஞானம்.

இளைஞர்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றே. வீட்டில் ஆடு, மாடு, பூனை, நாய் எதுவாயினும், அதன் நடத்தை மாறினால் அதட்டுவதற்கு முன் ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். திகதியிட்டு எழுதுங்கள். எழுதியதை அருகிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். உற்றாரின் உடலிலோ மனத்திலோ மாற்றங் கண்டாலும் அவ்வாறே வைத்தியரை நாடுங்கள். சொல்ல வாயில்லாத உயிருக்கும், சொல்லக் கூசும் உயிருக்கும் அருகிலிருப்பவரின் கவனமே வாயாக அமைகின்றது.