அத்தாவின் புல்லட்

நிலத்தைப் பங்கிடலாம், வீட்டைப் பங்கிடலாம், மண்டியின் வரவு செலவைக்கூட உட்கார்ந்து கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு மோட்டார் சைக்கிளை எவ்வாறு பங்கிடுவது? எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி 2022ஆம் ஆண்டில்தான் எழுந்தது. எங்கள் அத்தா வஃபாத்தாகி அப்போது பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் எங்கள் ஊர். அத்தாவுக்கு மல்லாட்டை வாணிபம். கொடி பிடுங்குமுன்பே காட்டைச் சுற்றிப் பார்த்து விலை பேசிவிடுவார்கள். வேப்பூர், பெண்ணாடம், திட்டக்குடி என்று நாளெல்லாம் அலைவதற்காக 1973இல் அவர்கள் வாங்கியதுதான் அந்த 350 சி.சி. என்ஃபீல்டு புல்லட். அதன் ஓசை தெருமுனையில் கேட்டதும் அம்மா இலை போட எழுந்துவிடுவார்கள். அத்தா போனபின் அது மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் நின்றது. கோழிகள் அதன் இருக்கையில் அடைந்தன. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சென்னையிலிருந்து பழைய வண்டி வாங்குபவர் ஒருவர் வந்து, அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எழுபதாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். விலை என்று ஒன்று பிறந்த கணத்திலேயே அது பங்கிட வேண்டிய சொத்தாகிவிட்டது. மார்க்கச் சட்டப்படி கணக்கும் போட்டோம். அம்மாவுக்கு எட்டில் ஒன்று: 8,750 ரூபாய். மீதியை ஐந்தாக்கினால் ஆண்மக்கள் இருவருக்கும் தலைக்கு இரு பங்கு, அதாவது 24,500. தங்கைக்கு ஒரு பங்கு, 12,250. (அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து எழுதும் கட்டுரை இது, ஆகவேதான் 'நாங்கள்' என்று எழுதுகிறோம்.) எங்களுள் ஒருவருக்கு விற்றுவிடுவதே மேல் என்ற எண்ணம் இருந்தது. அது யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

முடிவில், வண்டியை நாங்கள் வைத்துக்கொண்டு மற்ற இருவர் பங்கையும் ரொக்கமாகக் கொடுத்துவிடுவது என்று ஆயிற்று. அம்மா தம் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். மறுவாரமே அதிலிருந்து எடுத்து, "இரண்டு டயரும் டியூபும் வாங்கிக்கோங்க" என்று கொடுத்தார்கள். தங்கை வாங்கவில்லை. "எனக்குப் பணம் வேண்டாம் அண்ணே. அந்த டாங்குதான் என் பங்கு. அதிலே பெயின்ட் அடிக்கக் கூடாது" என்றாள்.

காரணம் கேட்கத் தேவையில்லை. அத்தா அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றது அந்தப் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்த்தி வைத்துத்தான். அவள் வளையல்கள் உரசிய கீறல்கள் மூடியருகே இன்னும் இருக்கின்றன. இருபுறமும் அத்தாவின் முழங்கால் தேய்த்துத் தேய்த்துக் கறுப்புச் சாயம் போய் இரும்பு தெரியும். திருவொற்றியூர் ஆலையில் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்த பொன்னிறக் கோடு அந்த இடத்தில் மட்டும் அறுந்துபோயிருக்கிறது.

இந்த வண்டியின் வரலாறும் ஒருவகையில் வாரிசு வரலாறுதான். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்தது என்ஃபீல்டு. 1950களில் நமது இராணுவம் எல்லைக் காவலுக்கென்று புல்லட்டுகளைத் தருவித்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச்சுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிற்று. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பின்னர் எல்லாமே இங்கு வார்க்கப்பட்டன. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970க்குப் பின் இங்கிலாந்தில் என்ஃபீல்டு வண்டி செய்வாரே இல்லை. திருவொற்றியூரோ நிறுத்தவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆயிற்று. தாய்வீட்டில் அடுப்பு அணைந்தபின் மகள் வீட்டிலிருந்து சோறு போனது போல! அத்தா இதைச் சொல்லும்போது தாமே அந்த ஆலையைக் கட்டியவர் போல நிமிர்ந்து உட்காருவார்கள்.

வேலையைத் தொடங்கியபோது எஞ்சின் அசையவே இல்லை. பதின்மூன்று மழைக்காலத்து ஈரம் இறங்கி, வார்ப்பிரும்புச் சிலிண்டரோடு பிஸ்டன் துருவால் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தகைய நேரத்தில் சுத்தியலை எடுப்பவன் வண்டியை இழப்பான் என்றார் பாலக்கரையில் பட்டறை வைத்திருந்த முதிய மேஸ்திரி. "பாய் வண்டிதானே? அவசரப்படாதீங்க தம்பி" என்று சொல்லி, மேல்மூடியைக் கழற்றி, பிஸ்டன் மேல் டீசலை ஊற்றி வைக்கச் சொன்னார். பதினோரு நாள் ஊறிற்று. பன்னிரண்டாம் நாள் அஸர் தொழுகைக்குப் பின் நான்காவது கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஆட்டினோம். ஒரு நூல் அளவு அசைந்தது. வீட்டுக்குள்ளிருந்த அம்மா எங்கள் கூச்சலைக் கேட்டு, யாருக்கோ அடிபட்டுவிட்டதென்று ஓடி வந்தார்கள்.

அதன்பின் நடந்தவற்றை எல்லாம் விவரித்தால் இதழ் தாங்காது. சிலிண்டரைக் கடைந்து ஓர் அளவு பெரிய பிஸ்டன் போட்டோம். கிளட்ச் பிளேட்டுகள், செயின், பிரேக் கட்டைகள், ஒயர்கள் அனைத்தும் புதியவை. சில பாகங்களுக்காகச் சென்னை புதுப்பேட்டையின் சந்துகளில் மூன்று முறை அலைந்தோம். ஒன்றை மட்டும் இவ்வேலையில் இறங்கும் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் புல்லட்டின் மரைகள் ஆங்கிலேயரின் அங்குலக் கணக்கில் அமைந்தவை. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனரைக் கொண்டு திருகினால், பொருந்துவது போலத் தோன்றும். அடுத்த நொடி நட்டின் முனைகள் மழுங்கிவிடும். பழைய ஸ்பேனர்களைத் தேடி வாங்கிய பிறகே நட்டில் கை வையுங்கள்.

டாங்கின் உட்புறம் முழுதும் துரு. அமிலம் ஊற்றினால் வெளியே வழிந்து தங்கையின் பங்கைத் தின்றுவிடும் என்ற அச்சம் எங்களுக்கு. "பித்தளைக்குப் போடுற புளியை இதுக்குப் போட்டாத்தான் என்ன?" என்றார்கள் அம்மா. புளிக்கும் துருவைக் கரைக்கும் குணம் உண்டன்றோ? கெட்டியாகக் கரைத்து வடிகட்டி நிரப்பினோம். இரண்டு நாளில் காப்பி நிறத்தில் வெளியே வந்தது. நான்கு முறை மாற்றிய பின் சலவைச் சோடா நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் சுழற்றினோம். வெளிப்புறத்தில் மெழுகைத் தவிர வேறொன்றும் தடவவில்லை.

இக்காலத்தில் பழைய புல்லட்டைப் புதுப்பிப்பது என்றால் கண்ணைப் பறிக்கும் முலாமும், தெருவையே எழுப்பும் சைலன்சரும் மாட்டுவது என்றாகிவிட்டது. நோயாளியும் பச்சிளங்குழந்தையும் உறங்கும் தெருவில் அந்த ஓசை எதற்கு? பிரேக்கும் டயரும் ஒயரும் உயிரைக் காப்பவை. அவற்றில் பழமை பாராட்டுவது மடமை. தேய்ந்த சாயத்தால் யாருக்கும் தீங்கில்லை.

ஓட விட்டபின்னும் கார்புரேட்டரின் கலவை சரியாக அமையவில்லை. இங்கேதான் எங்கள் வட்டாரத்தின் தொழில் கைகொடுத்தது. விருத்தாசலத்தின் பீங்கான் சூளைகளில் மின்காப்புப் பொருள்களும் பொம்மைகளும் சுடப்படுவதை வாசகர்கள் அறிவார்கள். பிளக்கின் முனையிலிருக்கும் வெள்ளைப் பகுதியும் மின்சாரத்தைத் தடுக்கும் பீங்கான் இனத்தைச் சேர்ந்ததே. முப்பது ஆண்டுகள் சூளையில் வேலை செய்த எங்கள் அண்டை வீட்டுக்காரர், கழற்றிய பிளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். "புகை ஏறியிருக்கு, தீக்குக் காத்து பத்தலே" என்றார். புல்லட் ஓட்டியே அறியாத மனிதர்! மேஸ்திரியும் அதையே சொன்னார்: கரியேறினால் பெட்ரோல் மிகுதி, வெளுத்தால் குறைவு, பிஸ்கட் நிறம் வந்தால் சரி. அந்நிறம் வர ஒரு வாரம் பிடித்தது.

கிக்கரை உதைப்பதும் ஒரு கல்விதான். சாவியைத் திருப்பி, மெல்ல மெல்லக் கிக்கரை அழுத்த வேண்டும். விளக்கின் மேலிருக்கும் ஆம்பியர் மானியின் முள் ஒருபுறம் சாய்ந்து, பின் நடுவுக்கு வரும். அப்போது பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று பொருள். உடனே காற்றழுத்தத்தை வெளியேற்றும் சிறு கைப்பிடியை இழுத்து, பிஸ்டனை உச்சி தாண்டச் செய்து, கைப்பிடியை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மூச்சில் மிதிக்க வேண்டும். பலம் தேவையில்லை, மெலிந்த உடம்புக்காரரான அத்தா செருப்புக் காலோடு மிதிப்பார்கள். முள்ளைப் பாராமல் மிதித்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலை வீங்க வைத்துவிடும்.

ஆவணங்களுக்கு வருவோம். அத்தாவின் பெயரிலிருந்த ஆர்.சி. புத்தகத்தை மாற்ற வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். தங்கை கையெழுத்திட வந்தவள், முதலில் கொட்டகைக்குப் போய் டாங்கைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை வாங்கினாள்! 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பதாண்டு கடந்து தன் மூல உருவிலேயே இருக்கும் வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிந்துகொள்ளலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 2023இல் எங்கள் வண்டி அந்த வயதை எட்டியது. ஆனால் அவ்வாறு பதிந்தால் அதை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். மல்லாட்டைக் காட்டுக்குப் போன வண்டியைக் கண்காட்சிப் பொருளாக்க எங்களுக்கு மனமில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சாதாரணப் பதிவே போதும் என்று விட்டுவிட்டோம்.

இப்போதைய கவலை பெட்ரோல்தான். 2025 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே எங்கும் கிடைக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரையும் உப்ப வைக்கும். ரப்பர்க் குழாயை மாற்றிவிட்டோம். டாங்கில் பெட்ரோலை நெடுநாள் தேங்கவிடாமல் வாரம் இருமுறை முறைபோட்டு ஓட்டி வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வேப்பூர் வரை. வியாழக்கிழமை தம்பி பெண்ணாடம் வரை. சென்ற வாரம் முன் ஃபோர்க்கின் இடப்புறச் சீல் எண்ணெய் கசியத் தொடங்கியிருக்கிறது. மறுபடியும் புதுப்பேட்டைக்குப் போக வேண்டும்.