பெரியப்பா முகமும் ஒரு வை-ஃபை டிரைவரும்

ரொம்ப நாள் கழித்து ஒரு கம்ப்யூட்டர் புராணம். விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்கலாம், தப்பில்லை. என்னை மாதிரி அரைகுறைகளுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் 2015-ல் வாங்கியது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 இதில் கிடையாது. நன்றாக ஓடுகிற பெட்டியைக் காயலான் கடைக்குப் போட மனசு வரவில்லை. ஒரு சனிக்கிழமை லினக்ஸ் மிண்ட் 22 போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. தங்கமணியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்புறம்தான் பார்த்தேன், வை-ஃபை இல்லை. சிக்னல் வரவில்லை என்பதில்லை, வை-ஃபை என்று ஒரு சாமான் இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை. ரவுட்டர் ஹாலில், பெட்டி அப்பா ரூமில். கேபிள் எட்டாது.

அம்மா போனபிறகு அப்பா புனேயில் எங்களோடுதான் இருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குக் கோவில்பட்டியில் இருக்கும் பெரியப்பாவோடு வீடியோவில் பேசுவார். பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு குழறும். வாயசைவைப் பார்த்தால்தான் பாதியாவது பிடிபடும். அப்பாவுக்கோ கண் ஆபரேஷன் ஆனபிறகும் சின்ன எழுத்து, சின்னப் படம் எல்லாம் சிரமம். அதனால் பெரிய ஸ்கிரீன் அவருக்கு ஆடம்பரம் இல்லை.

அந்த ஞாயிறு என் போனைக் கொடுத்தேன். "என்னண்ணே? என்ன சொல்லுதீய?" என்று நாலு தடவை கேட்டார். அஞ்சே நிமிஷத்தில் போனை என் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்பா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திங்கள்கிழமை ஆபீஸ் டீக்கடையில் புலம்பினேன். கூட வேலை செய்யும் மராட்டிப் பையன், "போனை யூஎஸ்பி ஒயர்ல சொருகி டெதரிங் போடுங்க சார், போதும்" என்றான். டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு இவ்வளவு சுலபமான பதில்! ஒயர் வழியாக வரும் போன் நெட்டை லினக்ஸ் சாதாரணக் கேபிள் இணைப்பு மாதிரியே எடுத்துக்கொள்கிறது.

டிரைவர் என்றால் ஓட்டுநர் என்பதைவிட துபாஷி என்பதுதான் சரி. இங்கே மண்டியில் அப்பா கருவேப்பிலை கேட்பார், என் மகள் "கடிபத்தா" என்பாள், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். மூவரில் யாரிடமும் குறை இல்லை. மகள் ஸ்கூலுக்குப் போய்விட்டால்தான் அப்பாவுக்கு மார்க்கெட் மூடிவிடும். லினக்ஸின் பெரும்பாலான துபாஷிகள் கெர்னலுக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். சில சிப்புகளுக்கு மட்டும் தயாரித்தவர்கள் மூடி வைத்த தனி டிரைவர்தான் உண்டு. என் வை-ஃபை கார்டு அந்த ஜாதி.

டிரைவர் மேனேஜரைத் திறந்ததும் அந்த டிரைவர் பட்டியலில் வந்தது. இன்ஸ்டால் செய்தேன். நடுவில் ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னது, ஏதோ ஒன்றை வைத்தேன். ரீஸ்டார்ட் செய்தால் நீலத்திரை ஒன்று வந்தது. நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பத்து நொடியில் தானே போய்விட்டது. வை-ஃபை அப்போதும் இல்லை.

அது செக்யூர் பூட் செய்த வேலை. நம் சொசைட்டி கேட்டில் வாட்ச்மேன், வீட்டுக்காரர் ஓகே சொல்லாமல் யாரையும் உள்ளே விடமாட்டாரே, அதே கதை. வெளியிலிருந்து வரும் டிரைவரின் கையெழுத்தை நாம் ஒருமுறை அங்கீகரிக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் அந்த நீலத்திரை. மறுபடி டிரைவரை எடுத்துவிட்டுப் போட்டேன். இந்த முறை கண்கொட்டாமல் உட்கார்ந்து, "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுத்தேன். வை-ஃபை வந்தது. அடுத்த ஞாயிறு அண்ணன் தம்பி இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

கதை இதோடு முடியவில்லை. மூன்று வாரம் கழித்து, ஞாயிறு அஞ்சரை மணிக்கு, சும்மா இருக்காமல் அப்டேட்டை அமுக்கினேன். புதுக் கெர்னல் வந்தது, வை-ஃபை போனது. இந்த மாதிரி வெளி டிரைவரை ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் புதிதாகக் கட்ட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைத் தானாகச் செய்துவிடும். ஆனால் கெர்னலில் மாறியது பழைய டிரைவருக்கு ஒத்துவராவிட்டால் கட்டும்போதே ஊற்றிக்கொள்ளும். அப்படித்தான் ஆனது.

அப்பா குளித்து, விபூதி பூசி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வியர்த்துவிட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, பழைய கெர்னல் எங்கேயும் போயிருக்காதே! ரீஸ்டார்ட் செய்து, ஆரம்பத்திலேயே எஸ்கேப் கீயைத் தட்டி, "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய், பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். வை-ஃபை திரும்பியது. மணி ஆறு அஞ்சு.

ஸ்கிரீன் முழுக்கப் பெரியப்பா. வாய் ஒரு பக்கம் கோணி, மெதுவாக ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா சிரித்தார்.

"ஏம்லே லேட்டுன்னு கேக்காரு."

நீங்களும் பழைய பெட்டிக்கு லினக்ஸ் போடுவதாக இருந்தால், முதலில் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு வை-ஃபை, கேமரா, மைக், பிரிண்டர் நாலையும் சோதியுங்கள். நான் செய்யாத வேலை அது. அப்டேட்டுக்கு முன்னால் டைம்ஷிஃப்டில் ஒரு நகல் எடுத்துவையுங்கள். புதுக் கெர்னல் நன்றாக ஓடுகிறது என்று தெரியும்வரை பழையதை அழிக்காதீர்கள்.

முக்கியமாக, ஞாயிறு சாயங்காலம் அப்டேட் பட்டன் பக்கமே போகாதீர்கள். எங்கள் வீட்டில் அது இப்போது சட்டம். போட்டது தங்கமணி :)