வெற்றுப் பெட்டியில் தொடங்கும் வேலை

கொள்கலனைச் சோதிப்பவர் முதலில் அதற்குள் போய் நின்றுகொண்டு, வெளியே இருப்பவரைக் கதவைச் சாத்தச் சொல்ல வேண்டும். டார்ச் கூடாது, கைப்பேசி வெளிச்சமும் கூடாது. கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்தால், கூரையிலோ பக்கத் தகரத்திலோ ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெயில் உள்ளே குத்துவது தெரியும். வெளிச்சம் நுழையும் வழியில்தான் நடுக்கடலில் மழையும் உப்புநீரும் நுழையும். சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் ஆலையின் ஏற்றுமதிப் பிரிவில் சேர்ந்தபோது நான் கற்ற முதல் வேலை இது.

கற்றுத் தந்தவர் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கே புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர். ஆலையில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். "கதவைப் பிடிச்சிருக்கிறவன் நம்ம ஆளா இருக்கணும், தம்பி. தெரியாத ஆள் சாத்துற பெட்டிக்குள்ள நீ எறங்கவே கூடாது" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை. ஓட்டை பார்ப்பதற்கு முன்பே உயிரைப் பார்க்கச் சொன்னார். அந்த வரிசை சரியானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வெளிச்சம் பார்த்த பிறகு மூக்குக்கு வேலை. முந்தின பயணத்தில் மீன்தூளோ இரசாயனமோ ஏறியிருந்தால் வாடை பெட்டியிலேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட பெட்டியை மறுபேச்சில்லாமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அடுத்தது தரை. கொள்கலன் தரை சுமார் 28 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையால் ஆனது. நெடுங்காலமாக அதற்குப் பேர்போன மரம் நம் பக்கத்துக் காடுகளில் வளரும் குருயிங். அந்தப் பலகையில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, சிலாம்பு பெயர்ந்திருக்கிறதா, கழுவிய ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். ரப்பர் கட்டியில் ஒரு மரச்சிலாம்பு ஒட்டினால் போதும், டயர் ஆலைக்காரர் புகார் எழுதுவார். ஈரம் இதைவிடப் பொல்லாதது. நம் வெக்கையில் மூடிய பெட்டி குளிர்நாட்டை நெருங்கும்போது, உள்ளிருக்கும் ஈரக்காற்று கூரைத் தகரத்தில் நீராகக் கோர்த்துச் சரக்கின் மேல் சொட்டும். ஓட்டையே இல்லாத பெட்டிக்குள்ளும் மழை பெய்யும் என்று அண்ணன் சொன்னது இதைத்தான்.

பிறகு எண். ஒவ்வொரு கொள்கலனுக்கும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம் உண்டு. முதல் மூன்று எழுத்து உரிமையாளரைச் சொல்லும், நான்காவது பெரும்பாலும் 'யூ'. கடைசி இலக்கம் காவல்காரன். 'ஏ' என்ற எழுத்துக்கு 10 என்று தொடங்கி, 11-இன் மடங்குகளை மட்டும் தாண்டி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு தர வேண்டும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் மிஞ்சுவதுதான் அந்தக் கடைசி இலக்கம். 'சிஎஸ்க்யூயூ 305438' என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. பெட்டியில் 3 இல்லாமல் வேறு இலக்கம் இருந்தால் எங்கோ யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். இன்று இதைக் கணினி நொடியில் சொல்லிவிடும். ஆனாலும் அண்ணன் என்னைப் பழைய எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில் கையால் போட்டுப் பழகச் சொன்னார். கையால் போட்டவனுக்குத்தான் எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வரும்.

எந்தச் சரக்குக்கு எந்தப் பெட்டி என்பதுதான் இந்தத் தொழிலின் மையம். கடாரத்தில், அதாவது இன்றைய கெடாவில், இதைக் கற்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே பால்மரத்திலிருந்து வரும் பொருள்கள் இங்கே மூன்று விதமான பெட்டிகளில் ஏறுகின்றன.

தரம்பிரித்த கட்டி ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியத் தர ரப்பர்த் திட்டம் 1965-இல் வந்தது. அதன்படி ஒரு கட்டி 33.33 கிலோ, முப்பது கட்டி ஒரு டன். ஒரு பேலட்டில் 36 கட்டி, அது 1.2 டன். இருபதடி நீளப் பெட்டியில் பதினாறு பேலட் வைத்தால் 19.2 டன். பேலட் இல்லாமல் கட்டிகளை அடுக்கினால் 630 கட்டி, 21 டன். அப்போதும் பெட்டிக்குள் கூரைவரை நிறைய இடம் காலியாகக் கிடக்கும். புதிதாக வருபவர்கள் அந்தக் காலியிடத்தைப் பார்த்து, "நாற்பதடியில போட்டா இரண்டு மடங்கு போகுமே" என்பார்கள். போகாது. பெட்டிக் கதவில் எழுதியிருப்பதைப் படித்தால் காரணம் தெரியும். பல இருபதடிப் பெட்டிகளிலும் நாற்பதடிப் பெட்டிகளிலும் மொத்த எடை வரம்பு ஒன்றே, 30,480 கிலோ. இருபதடியின் சொந்த எடை இரண்டேகால் டன் அளவில் இருக்கும், நாற்பதடிக்கு ஏறக்குறைய நான்கு டன். நீளம் இரட்டிப்பதால் தாங்கும் எடை கூடுவதில்லை, உண்மையில் குறைகிறது. கனத்த சரக்குக்குக் குட்டைப் பெட்டிதான் பொருத்தம்.

ரப்பர் கையுறை இதற்கு நேர் எதிர். கூலிம், லூனாஸ், சுங்கை பட்டாணி வட்டார ஆலைகளிலிருந்து போகும் அட்டைப்பெட்டி ஒவ்வொன்றிலும் பொதுவாக ஆயிரம் கையுறை இருக்கும், ஆனால் ஒரு கையால் தூக்கிவிடலாம். இங்கே எடை வரம்பு எட்டுவதற்கு வெகு முன்பே இடம் தீர்ந்துவிடும். அதனால் வழக்கத்தைவிட உயரமான, 2.9 மீட்டர் உயரமுள்ள நாற்பதடிப் பெட்டி வேண்டும், உள்ளே 76 கன மீட்டர் கிடைக்கும். சாதாரண நாற்பதடியில் 67, இருபதடியில் 33. கையுறைப் பெட்டிகளை அடுக்குபவர் கூரைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்கூட வீணாகவிட மாட்டார். ஆனால் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட மறக்க மாட்டார்.

மூன்றாவது, ரப்பர்ப் பால். அறுபது சதவீத உலர் ரப்பருக்குச் செறிவாக்கிய பாலை 205 கிலோ பீப்பாய்களில் அடைத்தால், ஓர் இருபதடிப் பெட்டியில் எண்பது பீப்பாய் நிற்கும். பெட்டிக்குள் பிரம்மாண்டமான பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் பாலை இறைப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் வலது கதவை மட்டும் திறந்து, இடது கதவைச் சாத்தியபடியே வைத்து, குறுக்கே இரும்புத் தடுப்பு கட்டி நிரப்ப வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது திரவம் பெட்டிச் சுவரைத் தள்ளும். அதனால் பக்கத் தகரம் ஏற்கனவே வீங்கிய பெட்டி இதற்கு ஆகாது. சட்டத்துக்குள் பதித்த உருளைத் தொட்டிக் கொள்கலன் இன்னும் பாதுகாப்பானது, விலையும் அதிகம்.

அடுக்குவதிலும் கணக்கு உண்டு. பெட்டியின் நீளத்தில் ஏதாவது ஒரு பாதியில் மொத்தச் சரக்கில் 60 சதவீதத்துக்கு மேல் விழக்கூடாது. கதவுப் பக்கம் பாரம் கூடினால் டிரேலர் நெடுஞ்சாலையில் தடுமாறும், கிரேன் தூக்கும்போது பெட்டி சாயும். கடைசியில் வலது கதவின் பூட்டுக்கம்பியில் போல்ட் சீல் அடித்து, அதன் எண்ணைத் தாளில் உள்ளதோடு ஓர் இலக்கம் விடாமல் ஒப்பிட வேண்டும்.

கப்பலைப் பற்றி நான் கற்றது ஆலையில் அல்ல. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் படகில், வலது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வடக்கே தெரியும் கொள்கலன் முனையத்தைப் பார்த்தபடி கற்றேன். விடுமுறை நாளில் அண்ணன் அழைத்துப் போவார். கப்பல் மேலேயே கிரேன் இருந்தால் அது எந்தச் சிறு துறைமுகத்திலும் தானே இறக்கி ஏற்றிக்கொள்ளும். கிரேன் இல்லாமல் மொட்டையாக இருந்தால் துறைமுகத்துக் கிரேனை நம்பி வருவது. இங்கே நாம் அதிகம் பார்ப்பது சிறிய ஊட்டுக் கப்பல்களையும் ஆசியத் துறைமுகங்களுக்குள் சுற்றும் நடுத்தரக் கப்பல்களையும். ஓர் இருபதடிப் பெட்டியை ஓர் அலகாகக் கொண்டால், ஊட்டுக் கப்பல் ஆயிரம் இரண்டாயிரம் அலகு ஏற்றும். பனாமாக் கால்வாயின் பழைய மதகுகளுக்காக 32 மீட்டர் அகலத்தில் கட்டிய கப்பல்கள் நாலாயிரம் ஐயாயிரம் வரை ஏற்றும். 2016 ஜூனில் அங்கே புதிய மதகுகள் திறந்த பிறகு அதைவிடப் பெரியவை நுழைந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, 400 மீட்டர் நீளத்தில் இருபத்துநாலாயிரம் அலகு சுமக்கும் இராட்சதக் கப்பல்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு ஆறு நாள் நின்ற எவர் கிவன் இருபதாயிரம் அலகுக் கப்பல். அந்த அளவுக் கப்பல் முழுப் பாரத்தோடு வர 16 மீட்டர் ஆழம் வேண்டும். பினாங்கு நீர்வழியில் அந்த ஆழம் கிடையாது. அதனால் ஐரோப்பாவுக்குப் போகும் நம் பெட்டிகள் பெரும்பாலும் முதலில் கிள்ளான், தஞ்சோங் பெலேபாஸ் அல்லது சிங்கப்பூருக்குப் போய்த் தாய்க்கப்பலில் ஏறுகின்றன. தென்தாய்லாந்து ரப்பரில் ஒரு பகுதியும் பாடாங் பெசார் எல்லை வழியாக இரயிலில் பினாங்குக்கு வந்து சேர்கிறது.

கப்பலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு இலக்க முகவரி உண்டு. 22-04-82 என்றால், முதல் இரண்டு இலக்கம் குறிக்கும் நீளவாக்குத் தொகுதி இரட்டைப்படை என்பதால் நாற்பதடிப் பெட்டி, நடுவிலிருந்து இடப்பக்கம் இரண்டாவது வரிசை, தளத்துக்கு மேலே முதல் அடுக்கு. கனமானது கீழே, இலேசானது மேலே என்பது விதி. அந்த விதி நாம் எழுதிக்கொடுக்கும் எடையை நம்பித்தான் நடக்கிறது. 2007-இல் இங்கிலாந்துக் கரையில் ஒதுக்கப்பட்ட எம்எஸ்சி நாப்போலி கப்பலின் தளத்திலிருந்து நனையாமல் மீட்ட 660 பெட்டிகளை எடைபோட்டார்கள். 137 பெட்டிகளின் எடை தாளில் சொன்னதிலிருந்து மூன்று டன்னுக்கும் மேல் வேறுபட்டிருந்தது. 2016 ஜூலை 1 முதல் எடை சரிபார்க்கப்படாத பெட்டி உலகில் எந்தக் கப்பலிலும் ஏறக்கூடாது என்ற விதி வந்தது. எடையைச் சரிபார்த்த சீட்டில் கையெழுத்துப் போடும்போது, அந்தப் பெட்டிக்கடியில் படுத்துறங்கும் மாலுமியை நினைத்துக்கொள்ளச் சொல்வார் அண்ணன். நான் நினைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற தொழிலதிபர் 58 பெட்டிகளை ஐடியல் எக்ஸ் கப்பலில் ஏற்றி அனுப்பி இந்தப் பெட்டி முறையைத் தொடங்கி வைத்தது 1956 ஏப்ரலில். பினாங்குத் துறைமுக ஆணையம் அமைந்ததும் அதே ஆண்டுதான். பெட்டி இங்கே வருவதற்கு முன் சரக்கு பெரும்பாலும் தொங்கான் படகுகளில் கப்பலுக்குப் போய், ஆள் தோளில் ஏறியது. தொங்கான் தொழிலில் தமிழ் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள், மூட்டை சுமந்தவர்களிலும் நம்மவர்கள் நிறைய. பெட்டி வந்ததும் அந்த வேலை போயிற்று. தோட்டத்திலும் அப்படியே. என் அம்மா பால்மரம் சீவிய தோட்டத்தில் இன்று செம்பனையும் வீடமைப்பும் இருக்கின்றன. வேலை ஒழிந்ததைப் பேசிக்கொண்டே இருந்துவிட்டோம். அதே ரப்பர் இன்றும் கப்பலேறுகிறது என்பதையும், அதை ஏற்றி அனுப்பும் தொழிலில் அறிவுள்ளவருக்கு இடம் இருக்கிறது என்பதையும் போதுமான அளவு பேசவில்லை. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் பலர் டிரேலர் ஓட்டுகிறார்கள், போர்க்லிப்ட் ஓட்டுகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்து மேசையில், பெட்டியைத் தேர்ந்து, எடையைக் கணக்கிட்டு, தாளில் கையெழுத்திடும் இடத்தில் நம்மவர்களைக் குறைவாகத்தான் பார்க்கிறேன்.

எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பாடாங் செராயில் இருந்தாலும் கோலக் கெட்டிலில் இருந்தாலும், உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி நாள்தோறும் கொள்கலன்கள் பட்டர்வொர்த்துக்குப் போகின்றன. ஏற்றுமதி ஆலைகளின் சரக்கேற்றும் பிரிவிலும் கொள்கலன் கிடங்குகளிலும் பயிற்சிக்கு இடம் கேளுங்கள். மலாயும் ஆங்கிலமும் தட்டுத்தடுமாறியாவது படிக்கத் தெரிந்து, பெருக்கலும் வகுத்தலும் பிழையில்லாமல் வந்தால் தொடங்கிவிடலாம். மற்றதைக் கற்றுக்கொடுக்க அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் போய்ச் சேருங்கள்.