தொகுதியும் பகுதியும்

நூறு சதவீதத் தேர்ச்சிக்கு இரண்டு வழிகள் உண்டு. தேர்வு எழுதுகிறவர்களெல்லாம் தேறும்படி சொல்லிக்கொடுப்பது ஒன்று. தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களை எழுதவிடாமல் செய்வது மற்றது. பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. மேலே இருப்பதைக் கூட்டுவது சிரமம். கீழே இருப்பதைக் குறைக்க ஒரு மாற்றுச் சான்றிதழ் போதும்.

நான் தமிழாசிரியன். இந்தக் கணக்கை எனக்குக் கற்பித்தவர், நான் வேலை பார்த்த உதவிபெறும் பள்ளியின் தலைமையாசிரியர். அவரை வில்லனாக எழுதினால் எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கும். அவர் அப்படி இல்லை. நேரத்துக்கு வருவார், பள்ளிக் காசைத் தொட்டதில்லை. செப்டம்பர் 5-ம் தேதி தரும் நல்லாசிரியர் விருதின்மேல் அவருக்கு ஒரு கண். ஓய்வுக்குப் பின் ஏதாவதொரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் முதல்வர் நாற்காலி. இரண்டுக்கும் வழி, வாசலில் கட்டும் நூறு சதவீத பிளெக்ஸ்தான்.

அவருடைய ராஜ்யம் ஒன்பதாம் வகுப்பு. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்க முடியாது. பத்தில் அரசுத் தேர்வு. நடுவில் இந்த ஒரு வருஷத்தில்தான் எவர் கண்ணும் படுவதில்லை. அரையாண்டு மதிப்பெண் வந்ததும் பட்டியல் தயாராகும். அப்பாக்களுக்கு ஆள் போகும். பெரும்பாலும் சூளை வேலை, கொத்து வேலை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

“உன் பையன் நல்லதுக்குத்தான்யா சொல்றேன். பத்தாவதை பிரைவேட்டா எழுதிக்கட்டும்.”

“அய்யா பார்த்துச் சொன்னாச் சரிங்க.”

ஒரு காகிதம் நீளும். ‘என் சொந்த விருப்பத்தின்பேரில்’ என்று அதில் ஏற்கனவே எழுதியிருக்கும். கட்டைவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போவார்கள். வணிகப் பத்திரிகைகளின் காதல் கதைகள்கூட ‘விருப்பம்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு தீங்கு செய்ததில்லை.

தீமை பையன்களோடு நிற்கவில்லை. ஆசிரியர் அறையில் ‘இது தேறும்’, ‘அது தேறாது’ என்று பையன்களை அஃறிணையில் பேசும் வழக்கம் வந்தது. ஜூன் மாதமே பேசினார்கள். இலக்கணம் தெரிந்தவர்கள்தான். ஒரு தலைவரின் ஆசை கீழே இறங்குவது சுற்றறிக்கை வழியாக அல்ல, பேச்சின் விகுதிகள் வழியாக. ஒரு பையன், மழையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், தண்ணீர் புகுந்த சூளையைப் பற்றி எழுதுவான். கரைந்துபோன பச்சைச் செங்கல்லுக்குக் கூலி கிடையாது என்று எழுதுவான். சந்திப் பிழைகள் ஏராளம். அவன் எழுதியதை நான் ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன். “கணக்கில் எவ்வளவு?” என்று கேட்டார்கள்.

அரசாங்கத்துக்கும் நோய் தெரியாமலில்லை. 2017-ல் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டை உருப்போட வைத்த பள்ளிகளை உத்தேசித்து, 2017-18-ல் பதினொன்றிலும் அரசுத் தேர்வு வந்தது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. வைத்தும் பார்க்கிறார்கள், எடுத்தும் பார்க்கிறார்கள். நாற்காலியில் இருப்பவருக்குத் தனக்கென்று என்ன வேண்டியிருக்கிறது என்பதை எந்த அரசாணையும் விசாரிப்பதில்லை.

இத்தாலியில் பார்பியானா என்ற மலையூரில் லொரன்ஸோ மிலானி என்ற பாதிரியார் ஒரு பள்ளி நடத்தினார். அதன் மாணவர்கள் எட்டுப் பேர், ஓர் ஆசிரியைக்கு எழுதும் கடிதமாக, 1967-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். எந்த வகுப்பில் எத்தனை பேர் உதிர்ந்தார்கள், அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று உட்கார்ந்து எண்ணியிருந்தார்கள். நம் பள்ளிகளில் அதற்கு ஆராய்ச்சிகூட வேண்டாம். ஒன்பதாம் வகுப்பின் ஜூன் மாத வருகைப் பதிவேட்டையும் மறுவருஷப் பத்தாம் வகுப்புப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். நான் வைத்துப் பார்த்தேன். சிவப்பு மையில் கோடிழுத்த பெயர்களில் டாக்டர், வக்கீல் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. சூளையைப் பற்றி எழுதியவன் இருந்தான். அந்த வருஷம் பள்ளிக்கு நூறு சதவீதம்.